ஜூனில் வரும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஜூனில் ஜேர்மனிக்கு வரும்போது பார்க்க வேண்டிய இடங்கள் என்று டொரொண்டோவிலிருந்து நீ அனுப்பிய பட்டியலை அம்மாவும் நானும் திரும்பத் திரும்ப வாசித்தோம். நொய்ஸ்வான்ஸ்டைன் கோட்டை, கொலோன் தேவாலயம், ரைன் நதியில் கப்பல், சின்னவளுக்காக லெகோலாந்து. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் கடைசியில், “மனதைப் பாரமாக்கும் இடங்கள் வேண்டாம் அப்பா, பிள்ளைகளுக்கு இது விடுமுறை” என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் தொலைபேசியை எடுக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இங்கே பிறந்து வளர்ந்தவள். இந்த நாட்டின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட ஒழுங்காகப் படித்தவள். ஆனாலும் நாங்கள் குடும்பமாக ஜேர்மனியைச் சுற்றிப் பார்த்ததே இல்லை. நான் வந்த காலத்தில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டும். விசா கிடைத்த பிறகு உணவகக் குசினி. ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் எனக்கு அன்றைக்குத்தான் வேலை கூட. 2023 மே மாதம் 49 யூரோ மாதச் சீட்டு வந்தபோது நான் ஓய்வுக்கு வந்திருந்தேன். விலை பிறகு ஏறிவிட்டது. ஆனாலும் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சீட்டுப் போதும். அம்மா சாப்பாட்டைக் கட்டுவாள், வெளிக்கிட்டுவிடுவோம். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த நாட்டை அப்போதுதான் பார்க்கத் தொடங்கினோம்.

பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான். இங்கே அழகான இடமும் வெட்கப்பட வேண்டிய இடமும் தனித்தனி ஊர்களில் இல்லை. ஒரே பஸ் பாதையில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் பேரப்பிள்ளைகள் இந்த நாட்டைப் பார்த்ததாக ஆகாது.

பேர்லினில் பிரண்டன்பேர்க் வாயிலில் படம் எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ஊன்டர் டென் லிண்டன் வீதியில் கிழக்கே நடந்தால் பேபெல்பிளாட்ஸ் சதுக்கம் வரும். ஒரு பக்கம் ஓபரா, மறுபக்கம் பழைய அரச நூலகம், வீதிக்கு அப்பால் ஹும்போல்ட் பல்கலைக்கழகம். ஹிட்லரின் நாசி ஆட்சியில், 1933 மே 10 இரவு, அந்தச் சதுக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட புத்தகங்களை எரித்தார்கள். முன்னின்று எரித்தவர்கள் படிப்பறியாத கூட்டமல்ல, பல்கலைக்கழக மாணவர்கள். இன்று சதுக்கத்தின் நடுவே, நிலத்தோடு நிலமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நினைவுச்சின்னத்தைத் தேடி வந்தவர்களே அதைக் கவனிக்காமல் கடந்து போவதைப் பார்த்தேன். குனிந்து, வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கீழே ஓர் அறை. நான்கு சுவர்களிலும் 20,000 புத்தகங்களை அடுக்கக்கூடிய வெள்ளைத் தட்டுகள். ஒரு புத்தகமும் இல்லை. இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் 1995இல் அமைத்தது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் முழுவதும் என் பின்னேரங்கள் அந்த வாசிப்பு மேசைகளில்தான் கழிந்தன. உனக்கு இதைப்பற்றி நான் அதிகம் சொன்னதில்லை. டோர்ட்முண்டில், பள்ளிக்கூடமும் வேலையும் சாப்பாடுமாக ஓடிய நாட்களில், அதைச் சொல்வதற்கு ஓர் இடம் வாய்க்கவில்லை. இப்போது வாய்த்திருக்கிறது. மூத்தவனுக்குப் பதினான்கு வயதாகிறது. அவனை அந்தக் கண்ணாடியின் பக்கத்தில் நிறுத்தி, பேர்லின் கதையையும் யாழ்ப்பாணத்துக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அருகில் நிலத்தில் பதித்த பலகையில் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனவின் வரி இருக்கிறது. புத்தகங்களை எரிக்கும் இடத்தில் முடிவில் மனிதரையும் எரிப்பார்கள் என்கிறது. ஆண்டு 1820 என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு நூலகம் எரிந்து இரண்டு ஆண்டுகளில் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. அந்த வரியை நான் வாசித்து முடித்த பின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் அங்கே நெடுநேரம் நின்றோம்.

யாழ்ப்பாணத்துக் கட்டடத்தைத் திருத்திவிட்டார்கள், வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பிள்ளைகள் மீண்டும் அங்கே இருந்து படிக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் பேபெல்பிளாட்ஸில் என் மனதைத் தொட்டது வேறு. எரித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் நாடு, தன் தலைநகரின் நடுவில், ஓபராவுக்கு உடுத்திக்கொண்டு வருகிறவர்களின் காலடியில், ‘இது எங்கள் கைகளால் நடந்தது’ என்று ஒத்துக்கொண்டு நிற்கிறது. அப்படி ஒத்துக்கொள்வது ஒரு நாளில் வந்ததல்ல. கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடத்தை எழுப்பக் குடிமக்கள் 1988இல் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். நாடாளுமன்றம் 1999இல்தான் தீர்மானித்தது. 2005இல் திறந்தார்கள். போர் முடிந்து அறுபது ஆண்டுகள்! அதுவரை காத்திருந்து கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர்.

அந்த நினைவிடம் பிரண்டன்பேர்க் வாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீட்டர் ஐசன்மான் வடிவமைத்த 2,711 கொங்கிரீட் கட்டைகள். ஓரத்தில் முழங்கால் அளவுக்கும் குறைவு. உள்ளே போகப் போக நிலம் இறங்குகிறது, கட்டைகள் 4.7 மீற்றர் வரை உயர்கின்றன. இடைவழியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். பக்கத்தில் வந்தவர் சட்டென்று காணாமற் போவார். ஆகவே சின்னவளின் கையை நீ விடாதே, கட்டைகளின் மேல் ஏறவும் விடாதே. நிலத்தடியில் ஒரு கண்காட்சி உண்டு. அதன் ஓர் அறையில், கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் சிறு வாழ்க்கைக் குறிப்புகளும் குரலில் ஒலித்துக்கொண்டிருக்கும். அது மூத்தவனுக்குப் போதும். சின்னவளை நான் வெளியே கூட்டிக்கொண்டு போய், நாடாளுமன்றத்துக்கு அருகில் நாசிகள் கொன்ற சிந்தி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை மக்களுக்காக அமைத்த குளத்தைக் காட்டுகிறேன். குளத்தின் நடுவில் ஒரு கல், அதன் மேல் நாள்தோறும் ஒரு புதிய பூ வைக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பூவே விளங்கும்.

பேர்லினில் இன்னோர் இடம் நம் குடும்பத்துக்கே உரியது. 1984இல் நான் மேற்கு பேர்லினுக்குள் வந்தது ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாகத்தான். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினோம். அங்கிருந்து நகர ரயில். கிழக்கு ஜேர்மன் காவலர் கடவுச்சீட்டைப் பார்த்து விட்டுவிட்டால் மறுபக்கத்தில் சோதனை இல்லை. நகரத்தை இரண்டாகப் பிரித்த எல்லையை மேற்கு ஜேர்மனி நாட்டெல்லையாக ஏற்காததால் திறந்திருந்த வழி அது. எங்கள் ஆட்கள் பெருந்தொகையாக அப்படி வந்தார்கள். நிலையத்தை ஒட்டி 1962இல் கட்டிய கண்ணாடி மண்டபம், ட்ரேனன்பலாஸ்ட், இப்போது அருங்காட்சியகம், நுழைவு இலவசம். மேற்குக்குத் திரும்பும் உறவினரைக் கிழக்கில் இருப்பவர்கள் வழியனுப்பிய இடம். உள்ளே அந்தக் காலத்துக் கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஒடுக்கம்! பிறகு பேர்னவர் ஸ்ட்ராஸவுக்குப் போய் மதில் நின்ற இடத்தைப் பார்ப்போம். அந்த மதிலில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். அந்நாட்டு மக்களையே சுட்டுத் தடுத்த எல்லையை, எங்கோ ஒரு தீவிலிருந்து வந்த நான் ஒரு கடவுச்சீட்டோடு தாண்டினேன். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மக்களுக்கு நான் ஏதோ கடன்பட்டிருப்பதாகத் தோன்றும்.

பேர்லினுக்குப் பிறகு வைமார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கவிஞர் கோத்தே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம், பின்னால் தோட்டத்தோடு அப்படியே இருக்கிறது. பௌஹவுஸ் கலைப் பள்ளி 1919இல் தொடங்கியது இந்த ஊரில். ஜேர்மனியின் முதலாவது குடியரசின் அரசியலமைப்பு உருவானதும் இங்கேதான். சந்தைச் சதுக்கத்தில் கரியில் வாட்டிய தூரிங்கன் சொசேஜைப் பாணுக்குள் வைத்து, கடுகு தடவித் தருவார்கள். மருமகன் ஒன்றோடு நிறுத்த மாட்டார்.

அதே ஊரின் ரயில் நிலையத்திலிருந்து 6ஆம் இலக்க பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் எட்டர்ஸ்பேர்க் மலையில் நாசிகளின் புகன்வால்ட் வதைமுகாம். பஸ் போகும் பாதையைப் போட்டவர்களே கைதிகள்தான். 1937இல் தொடங்கிய அந்த முகாமிலும் அதன் துணை முகாம்களிலும் ஏறத்தாழ 2,80,000 பேர் அடைபட்டார்கள். 56,000 பேர் மாண்டார்கள். வாயிற் கோபுரத்துக் கடிகாரம் 3:15இல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11 விடுதலையான நேரம். முள்வேலிக்கு வெளியே, பிணம் எரித்த கட்டடத்துக்கு எதிரே, காவற்படையினரின் குடும்பங்கள் பொழுதுபோக்க ஒரு சிறிய மிருகக்காட்சிச்சாலை வைத்திருந்தார்கள். கரடி அடைத்த இடத்தின் சுவர் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிவந்து கரடி காட்டியிருக்கிறார்கள், மகள். வேலிக்கு அப்பால் மனிதர் பசியில் சாய்ந்துகொண்டிருந்தபோது. விடுமுறைக்குப் பாரமான இடம் வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் கரடிச் சுவர்தான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ தாய். பிள்ளையின் இரவு நித்திரையைப் பற்றி யோசிக்கிறாய், அது சரி. நினைவிடத்தாரே பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்கிறார்கள். அதனால் அன்றைக்குச் சின்னவளும் அம்மம்மாவும் நகரப் பூங்காவில் இருக்கட்டும். நீயும் மருமகனும் மூத்தவனும் நானும் போவோம். கைதிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிய திடலில், நிலத்தில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அங்கே அடைபட்டவர்களின் நாட்டினங்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோடையோ பனியோ, அந்தத் தகட்டை எப்போதும் 37 பாகைச் சூட்டில் வைத்திருக்கிறார்கள், உயிருள்ள உடம்பின் சூடு. மாரியில் சுற்றிலும் பனி கிடக்க, அது மட்டும் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. மூத்தவன் அதில் கையை வைத்துப் பார்க்கட்டும். அவனிடம் நாங்கள் எதுவும் விளக்கத் தேவையில்லை. அவன் கேட்டால் மட்டும் சொல்வோம்.

ஒரு நாளில் இப்படி ஓர் இடத்துக்கு மேல் வேண்டாம். அன்று பின்னேரம் கட்டாயம் கேக்கும் கோப்பியும்.

நொய்ஸ்வான்ஸ்டைனுக்கும் போவோம். சின்னவள் கேட்டது, கிடைக்க வேண்டும். உள்ளே சுற்றிக்காட்டுவது அரை மணித்தியாலம்தான். 1869இல் கட்டத் தொடங்கிய லூட்விக் மன்னர் முடிக்காமலே 1886இல் இறந்துபோனார், அறைகள் பலவும் அரைகுறையாகவே நின்றுவிட்டன. மரியன் பாலத்தில் நின்று பார்ப்பதே அழகு. கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விட வேண்டும். ரைன் கப்பலை நீயே பதிவுசெய்.

மிச்ச நாட்கள் எங்களோடு வீட்டில். நீ வளர்ந்த ஊர் உனக்குச் சுற்றுலாவாகத் தெரியாது, ஆனால் டொரொண்டோவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது புதியது. எசனில் ட்ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடி, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் செம்மஞ்சள் நிற நகரும் படியில் சின்னவள் நாலு தரம் ஏறி இறங்குவாள். எங்கள் சிறு தோட்டத்தையும் அவள் பார்க்க வேண்டும். தோட்டச் சங்க விதிப்படி மூன்றில் ஒரு பங்கில் காய்கறியும் பழமும் விளைய வேண்டும். அம்மா அதைவிடக் கூடவே விளைவித்து வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கத்தரிக்காய் கொடுக்கிறாள். அவர்கள் ரபாபர் கேக் கொண்டுவருகிறார்கள். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பிக் கோப்பைகளோடு அந்த வேலியருகில் உட்கார்ந்தால் இந்த நாட்டின் இன்னொரு முகம் தெரியும். வெள்ளை அஸ்பராகஸ் ஜூன் 24வரைதான் அறுவடை, அதற்கு முன் வந்துவிடு. அம்மா அதைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாற்கறி வைக்கிறாள்.

நீ நிற்கும் நாட்களிலேயே ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேரும் வருகிறது. 2002இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில் இன்று அந்த ஊரின் முகவரியாகிவிட்டது. தொழிற்பேட்டை வீதியில் தேர் அசைந்து வரும்போது வழிநெடுகத் தேங்காய் உடையும், காவடி ஆடும், ஊர் ஜேர்மன்காரர் குடும்பத்தோடு வந்து சோறு வாங்கிச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிழவி சேலை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா. மூத்தவனை வடம் பிடிக்க வைக்க வேண்டும்.

எங்கள் வீதி முனையில் நடைபாதைக் கற்களுக்கு நடுவே பித்தளைத் தகடு பதித்த சிறு கற்கள் இருப்பது உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்குப் போகும்போது நீ அவற்றை மிதிக்காமல் தாண்டித்தான் நடப்பாய். கலைஞர் குன்டர் டெம்னிக் 1992இல் தொடங்கிய வேலை அது. 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாசிக் காலத்தில் அந்த வீட்டில் இருந்து இழுத்துச் செல்லப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம் அவற்றில் இருக்கின்றன. நவம்பரில் ஊரார் வந்து துடைப்பார்கள், நானும் போவேன். ஜூனில் துடைக்கக் கூடாதென்று சட்டமில்லை. பிள்ளைகள் இருவரிடமும் ஆளுக்கொரு துணி கொடுக்கிறேன்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் போக முன்கூட்டியே பதிய வேண்டும், காசில்லை. நால்வரின் பெயரையும் பிறந்த திகதியையும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதி அனுப்பு. ஜூன் என்றாலும் மழைச் சட்டை கொண்டுவா, மூத்தவனுக்கு நல்ல சப்பாத்து வாங்கு. அம்மா கேட்கச் சொன்னாள், சின்னவள் இன்னும் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லையா?

அன்புடன்,
அப்பா