சாயங்காலத்துக்கு ஒரு வெயில்

அன்புள்ள மச்சான்,

நான் பதிலே போடுவதில்லை என்று நீ மொட்டையிடம் புலம்பியதாகக் கேள்வி. அவனிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி என்று தெரிந்துதானே சொன்னாய்? சரி, விடு. வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். விஷயத்துக்கு வருகிறேன், உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் என்னிடம் வந்திருக்கிற இறுதியாண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்குச் சூரிய அடுப்பை எடுத்திருக்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதே, எனக்கும் முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் யாராவது இதைக் கையில் எடுப்பார்கள். ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு, கறுப்புப் பாத்திரம், கூடவே ஒரு போட்டோ. அப்புறம் அந்தப் பெட்டி பட்டறை மூலையில் பழைய பேட்டரிகளைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். இவர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பெட்டிக்குள் 150 டிகிரி வந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் வைக்கவில்லை சார் என்றார்கள். நமக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்த தெர்மோ சாராக இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும்.

நான் எறியவில்லை. கதை சொன்னேன். ஜெனீவாவின் விஞ்ஞானி சோசூர் 1767-லேயே கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துப் பரிசோதித்தார், பிறகு செய்த மரப்பெட்டியில் கொதிநிலையையும் தாண்டினார். 1830-களில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு நட்சத்திரம் பார்க்கப் போன ஜான் ஹெர்ஷல், மண்ணில் புதைத்த பெட்டியில் முட்டையும் இறைச்சியும் வேகவைத்தார். 1970-களில் அரிசோனாவில் பார்பரா கெர், ஷெர்ரி கோல் என்ற இரண்டு பெண்கள் வெறும் அட்டைப்பெட்டியிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆக, பெட்டி சூடாகும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே ஆகிவிட்டது என்றேன். பாவம், முகம் தொங்கிவிட்டது.

பிறகு தண்ணீர் வைத்து அளக்கச் சொன்னேன். எஸ்580 என்று அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் தரநிலை ஒன்று உண்டு. வெயில் விழும் பரப்பில் சதுர மீட்டருக்கு 7 கிலோ தண்ணீர் வைத்து, வெயிலின் பலத்தைச் சதுர மீட்டருக்கு 700 வாட்டுக்குச் சரிசெய்து, தண்ணீர் வெளிக்காற்றைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கும்போது அடுப்பு எத்தனை வாட் தருகிறது என்று பார்ப்பது. எங்கள் பெட்டி அரை சதுர மீட்டர், அதனால் மூன்றரை லிட்டர். விழுவது 350 வாட். தண்ணீருக்குப் போய்ச் சேருவது சராசரி 100 வாட் என்று வைத்துக்கொள். 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போகக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 1500 வாட் மின்கெட்டில் 11, 12 நிமிஷத்தில் முடிக்கிற வேலை. 150 டிகிரி என்று குதித்தவர்கள் அன்றைக்குத்தான் அடங்கினார்கள்.

இதற்கு நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. பிள்ளைகள் பிரமாதமாக விளக்கினார்கள். புகை இல்லை, விறகு இல்லை, அடிப்பிடிக்காது, கிண்ட வேண்டாம். எல்லாம் உண்மைதான். ஒரு அம்மா குத்தவைத்து உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, சொட்டுச் சொட்டாக வழிந்து மரச்சட்டத்துக்குள் இறங்குவதை முதலில் கவனித்தவரும் அவர்தான். "இந்தக் கட்டை ஊறிப்போகுமே" என்றார். எங்கள் நான்கு பொறியாளர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்டார்: "வெயில் நேரத்தில் நான் வேலைக்குப் போயிருப்பேனே. சாயங்காலம் வந்துதானே சமைக்க வேண்டும், அப்போது இது என்ன செய்யும்?"

மச்சான், இத்தனை வருஷம் இந்த அடுப்பைப் பார்த்துவிட்டேன், எந்தத் தேர்வாளரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று முதல் பிள்ளைகளுக்கு வேறு வேகம். பகல் வெயிலைச் சேமிக்கலாம் என்று கிளம்பினார்கள். முதலில் இரும்பு. 150 டிகிரியிலிருந்து 100-க்கு இறங்கும்போது ஒரு கிலோ இரும்பு தருவது 22, 23 கிலோஜூல்தான். மூன்றரை லிட்டரைக் கொதிக்கவைக்க 45 கிலோவுக்கு மேல் வேண்டும். அதை யார் தூக்குவது? அடுத்தது எரித்ரிட்டால். அதேதான், சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற இனிப்பு. 118 டிகிரியில் உருகும், உருகும்போது உள்வாங்கி உறையும்போது திருப்பித் தருகிற உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 340 கிலோஜூல், ஏட்டுக் கணக்குப்படி மூன்று கிலோ போதும். ஆனால் ஆறும்போது 118-ல் உறையாமல் அதற்கு வெகு கீழே போயும் திரவமாகவே நின்று மிரட்டும். அதைவிட முக்கியம், சேமிக்கிற வெப்பமும் அதே வெயிலிலிருந்துதான் வர வேண்டும். பெட்டி சூடாக ஆக இழப்பும் ஏறும். ராத்திரி சமையலுக்குச் சேமிக்க வேண்டுமென்றால் பெட்டியே இரண்டு மடங்காக வேண்டும்.

பிள்ளைகளில் ஒரு பெண் இருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். அவள்தான் கேட்டாள்: "சாயங்காலம் எதற்கு சார் சமைக்க வேண்டும்? மத்தியானமே வெந்துவிட்டால், சாயங்காலம் வரைக்கும் சூடாக இருந்தால் போதாதா?"

போதும்! பெட்டி அடுப்பின் நல்ல குணமே பக்கத்தில் ஆள் வேண்டாம் என்பதுதானே. காலையில் பாத்திரத்தை உள்ளே வைத்து, பெட்டியை உச்சி வெயில் வரும் பக்கம் பார்த்துத் திருப்பிவிட்டுப் போய்விடலாம். கிழக்கு மேற்காக நீளமாகச் செய்தால் அடிக்கடி திருப்பவும் வேண்டாம். ஆனால் வெந்த சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி வளரும். அதனால் வேலைக்குப் போன அந்த அம்மா திரும்பி வரும் வரை 60-க்கு மேல் நிற்க வேண்டும். இப்போது நாங்கள் அளப்பது அதைத்தான். கொதித்த தண்ணீர் எப்போது 60-ஐத் தொடுகிறது?

முதல் சோதனையில் இருட்டுவதற்கு வெகு முன்பே தொட்டுவிட்டது. அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் வைத்திருந்த தெர்மோகோல் சுருங்கி, ஓரமெல்லாம் சுருண்டு, கை நுழைகிற அளவு இடைவெளி. நீ சிரிக்கிறது எனக்குக் கேட்கிறது. அதைக் கண்ணாடிக் கம்பளியாக மாற்றினோம், உள்ளே ஈரம் போகாமல் தகடு அடித்தோம். இப்போது மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை மேலே இருக்கிற கண்ணாடி. வெயில் உள்ளே வரும் வழியே வெயில் போனதும் வெப்பம் ஓடும் வழி. அதன்மேல் கனமான மூடி விழ வேண்டும். மூட ஆள்தான் வீட்டில் இல்லை.

ஒருவன் மோட்டார், சென்சார், அதையெல்லாம் இயக்க ஆர்டுயினோ என்கிற குட்டி மின்னணுப் பலகை என்று பட்டியல் போட்டான். இன்னொருவன் பசுமைக்குடில் ஜன்னல்களில் வரும் மெழுகு உருளையைச் சொன்னான், சூட்டில் மெழுகு விரிந்து தள்ளும், ஆறினால் உள்ளே இழுக்கும். அருமையான யோசனை. ஆனால் காலையில் ஒரு மேகம் வந்தால் மூடி விழுந்துவிடும், இருட்டில் பெட்டி திரும்பச் சூடாகாது, மூடி திறக்கவே திறக்காது. கடைசியில் அந்தப் பெண் ஒரு தகர டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாள். டப்பா நிறையத் தண்ணீர், அந்த எடைதான் மூடியைத் திறந்து பிடித்திருக்கும். தண்ணீர் சொட்டிக் குறையக் குறைய மூடி தானாக இறங்கும். ஓட்டை எவ்வளவு பெரிதோ அதைப் பொறுத்து நேரம்.

நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். அப்புறம் ஓட்டை வழியே தண்ணீர் பாயும் வேகத்துக்கு விதி சொன்ன டோரிசெல்லியை எடுத்தேன், உனக்கு அரியர் வாங்கிக்கொடுத்தாரே அவரேதான். தண்ணீர் மட்டம் இறங்க இறங்கச் சொட்டுவதும் மெதுவாகும், தூசி அடைக்கும், காற்றடித்தால் மூடி படாரென்று விழுந்து கண்ணாடி போகும். இதையெல்லாம் சரிசெய்யத்தான் இப்போது இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீல் வரைபடத்துக்கு மதிப்பெண் உண்டு, 150 டிகிரி போட்டோவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் மறுபடி சோசூரிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, அதனால் கெட்டுப்போன ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெர்மோகோலும் அதில் இருக்கிறது.

உன் அம்மாவின் இருமல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறதுடா. நாம் இரண்டு பேரும் அந்த அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தோம், ஒரு நாளும் புகையைப் பற்றி யோசித்ததில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு டப்பா ஓட்டையே போதுமான பாரம்.

இப்போது உன் காரியம். உங்கள் குளிர்பதன அறைகளுக்கு வெட்டியது போக மிஞ்சும் பாலியூரித்தேன் பலகைத் துண்டுகள் கிடைக்குமா? மூடிக்கு அதை வைக்கலாம் என்று நினைக்கிறோம். தொடர்ந்து எத்தனை டிகிரி தாங்கும் என்று உண்மையைச் சொல், விற்பனைக்காரர் மாதிரி சொல்லாதே. அடியில் வேறு ஏதாவது அடுக்கு போட வேண்டுமா? கண்ணாடி ஓரத்தில் வைத்த ரப்பர் சூட்டில் நாற்றம் எடுக்கிறது, சாப்பாடு வைக்கிற இடத்தில் அது ஆகாது. சிலிக்கோன் பட்டை அனுப்ப முடிந்தால் நாலு மீட்டர் போதும்.

வரைபடங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கீல் பக்கத்தை மட்டும் பார், மற்றதில் இருக்கிற கையெழுத்து உன்னுடையதைவிட மோசம். மொட்டையிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அவன் உடனே ஒரு மோட்டாரை வாங்கி அனுப்பிவிடுவான், அப்புறம் அந்தப் பட்டியல்காரனை என்னால் சமாளிக்க முடியாது.

உன்,
பழைய லேப் பார்ட்னர்