ட்ராப்பர்னா எலி புடிக்கிறவன் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த சின்னப் பசங்களப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கூட ஒரு படம் போட்டிருந்தீங்க பாருங்க, ஒரு பொடியன் இருட்டுல குத்தவச்சு உக்காந்து கையில ஒரு கயித்தப் புடிச்சிருக்கான், அதுக்குக் கீழ "ட்ராப்பர் எனப்படும் எலிப்பொறி வைக்கும் சிறுவன்"னு எழுதியிருக்கு. என் பேத்தி அதப் படிச்சிட்டு "தாத்தா நீங்களும் மைன்ல எலிதான் புடிச்சீங்களா"ன்னு கேக்குறா. தெலங்கானால சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துல, அண்டர்கிரவுண்ட்ல வேலைய மேற்பார்வை பாக்குற ஓவர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன் நான், அவகிட்ட என்னத்தச் சொல்ல.

ட்ராப்பர்ல இருக்கிற ட்ராப், பொறி இல்லீங்க, ட்ராப் டோர். காத்த மறிக்கிற கதவு. 1800கள்ல அங்க பல சுரங்கத்துல ஃபேன் கிடையாது, ரெண்டு ஷாஃப்ட், அதாவது மேலேர்ந்து நேரா கீழ எறங்குற குழி, இருக்கும், ஒன்னோட அடியில பெரிய அடுப்பு மாதிரி நெருப்பு எரிஞ்சிக்கிட்டே இருக்கும், அந்தச் சூட்டுல காத்து மேல ஏறிடும், அதுக்குப் பதிலா இன்னொரு ஷாஃப்ட்ல நல்ல காத்து கீழ எறங்கும். ஆனா காத்து இருக்கே, அது சரியான சோம்பேறி, குறுக்கு வழி கிடைச்சா அதுலயே போய்ச் சேந்துரும், கரி வெட்டுறவன் நிக்கிற எடத்துக்கு வரவே வராது. அதான் அங்கங்க கதவு போட்டு மறிச்சு சுத்தி அனுப்புறது. கரி வண்டி வர்ற சத்தம் கேட்டா கயித்த இழுத்து கதவத் தெறக்கணும், வண்டி போனதும் விட்டுரணும், மூடிக்கும். இதான் ட்ராப்பர் வேலை, அவ்ளோதான். பாக்க ஒன்னுமில்லாத வேலை மாதிரி இருக்கும், ஆனா அந்தப் புள்ள அசந்து கதவு தெறந்தே கெடந்தா உள்ள மீத்தேன் சேரும், காத்துல 5 பர்சென்ட்ல இருந்து 15 பர்சென்ட் வரைக்கும் கலந்திருந்தா வெடிக்கிறதுக்கு ஒரு பொறி போதும். நீங்க பொறின்னு போட்டது கூட ஒரு வகையில கிட்ட வந்துருக்கு, எலிப்பொறி இல்ல, நெருப்புப்பொறி.

இந்தக் கதவ நான் தள்ளியிருக்கேன். எங்க காலத்துல ஃபேன் வந்தாச்சு, ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா ரெண்டு கதவு இருக்கும், ஒன்ன மூடிட்டுத்தான் அடுத்தத தெறக்கணும். ஒரு பக்கக் காத்தழுத்தம் கதவ அமுக்கிக்கிட்டே இருக்கும், தோளக் குடுத்து நெம்புனாத்தான் வழி விடும், நெம்புன ஒடனே இடுக்குல புஸ்ஸுனு காத்து மூஞ்சில அடிக்கும், கேப் லேம்ப் வெளிச்சத்துல தூசி பறக்கிறது தெரியும். தடி ஆம்பள எனக்கே அப்படி. அங்க உக்காந்திருந்ததுல அஞ்சாறு வயசுப் புள்ளைங்களும் உண்டு, பன்னெண்டு மணி நேரம், நெறைய எடத்துல கையில வெளக்கு கூட இல்லாம.

1842ல பார்லிமென்ட்டுக்கு ஒரு விசாரணைக் கமிஷன் ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல யார்க்ஷயர் பக்கம் காபர் சுரங்கத்துல இருந்த சாரா கூடர்ங்கிற 8 வயசுப் பொண்ணு சொன்னது இருக்கு. காலைல நாலு மணிக்கு, சில நாள் மூணரைக்கே உள்ள போயிருவாளாம், வேலை அசதியா இல்லியாம், ஆனா வெளக்கு இல்லாம ட்ராப் பண்றது பயமா இருக்காம், வெளிச்சம் இருந்தா பாட்டுப் பாடுவாளாம், இருட்டுல பாட தைரியம் வராதாம். கவனிங்க, "ட்ராப் பண்றது"ன்னு அவளே வினைச்சொல்லா சொல்றா. எலிய எங்க தேடுறது இதுல.

அதே யார்க்ஷயர்ல ஹஸ்கர் சுரங்கத்துல 1838 ஜூலை 4ம் தேதி இடி மழை, புள்ளைங்க சரிவுப் பாதை வழியா ஏறி வெளிய வரப் பாத்தாங்க, காத்துக் கதவத் தாண்டியும் வந்துட்டாங்க, ஓடை ஒடச்சிக்கிட்டு உள்ள எறங்கி அத்தன பேரையும் திருப்பி அடிச்சி அந்தக் கதவோடயே சேத்து அமுக்கிருச்சு. 26 பேர், 15 பையன் 11 பொண்ணு, பெரியவங்களுக்கே வயசு 17தான். அதுக்கும் நாலு வருஷம் கழிச்சுத்தான் பொம்பளைங்களும் பத்து வயசுக்கு கீழ இருக்கிற பசங்களும் சுரங்கத்துக்குள்ள வேலை பாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு.

இன்னொன்னு, அதே கட்டுரைல "வியூவர்"ங்கிறத பார்வையாளர்னு போட்டிருக்கீங்க. வேடிக்கை பாக்க வந்தவர் இல்லீங்க அவரு, இங்கிலாந்தோட வடகிழக்குப் பக்கம் சுரங்கத்தையே நடத்துற மேனேஜருக்கு அந்தப் பேரு. டிக்ஷனரிய மட்டும் நம்பி எறங்குனா இப்படித்தான் ஆகும். ட்ராப்பருக்கு தமிழ் வேணும்னா காத்துக்கதவுப் பையன்னு போடலாம், ஆனா பொண்ணுங்களும் இருந்துருக்காங்களே, ட்ராப்பர்னே போட்டு ஒரு வரி வெளக்கம் குடுத்துருங்க.

திருத்தம் போடும்போது அந்தப் படத்தையும் முழுசா போடுங்க. நீங்க ஓரத்த வெட்டிட்டீங்க, கயித்தோட அடுத்த முனை கட்டியிருக்கிற கதவு அந்த வெட்டுலதான் போயிருச்சு.

இப்படிக்கு,
ஒரு ரிட்டையர்டு ஓவர்மேன்,
விருத்தாசலம்