ஓடைப் பாலத்துக்கு ப்ரீகாஸ்ட் போடலாமே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை எங்க ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அதுக்கப்புறமும் இங்க ஓடைப் பாலம்னா ஓடைக்குள்ளயே முட்டுக் கொடுத்து சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற தற்காலிகப் பலகை) அடிச்சு கான்கிரீட் போட்டுட்டு வாரக்கணக்குல காத்திருக்கிறதுதான் நடக்குது, நடுவுல தண்ணி வந்தா முட்டோட போச்சு. மாற்றுப்பாதை சேத்துல பால்கேனோட பைக் சறுக்கி, பால் மொத்தமும் கொட்டினதை நானே பாத்தேன், வயிறு எரிஞ்சுது.

6 மீட்டர் நீளம் வரைக்கும் இருக்கிற பாலம் கல்வெர்ட்டுன்னுதான், அதாவது சிறுபாலம்னுதான் கணக்கு. அதுக்கு வேற இடத்துல யார்டுலயே வார்த்து, கியூரிங்கும் (ஈரமா வச்சு இறுக விடுறது) முடிஞ்சு வர்ற ப்ரீகாஸ்ட் பாக்ஸ், அதாவது ரெடிமேட் கான்கிரீட் பெட்டி போதும், அதைத் தாண்டினா ப்ரீகாஸ்ட் பீம் வச்சு மேல ஸ்லாப் போடலாம்.

எல்லா இடத்துக்கும் இதுவேன்னு சொல்லல. அஞ்செட்டி மலை வளைவுல ட்ரெய்லரும் கிரேனும் திரும்புமான்னு முதல்ல பாக்கணும். அதைவிட முக்கியம் ஜாயின்ட்டுங்க, ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை ஒழுங்கா அடைக்கலன்னா தண்ணி கசிஞ்சு பக்கத்து மண்ணை அரிச்சுட்டுப் போய் ரோடே உள்வாங்கிடும், அடியில பெட் கான்கிரீட் மட்டம் தப்பினாலும் பாக்ஸ் ஒண்ணு தூக்கி ஒண்ணு இறங்கி நிக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கவேண்டிய பாலத்துக்காவது இந்த முறையில டெண்டர் விடுங்க.

ஒரு வாசகர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்