ஒரே ஒரு டிக்கில் அடங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். சென்ற மாதம் எங்கள் தெருவுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: 'குழந்தையின் ஆரோக்கியம் யார் கையில்? தாய், டாக்டர், விதி. ஒன்றை மட்டும் டிக் செய்க.' பக்கத்து வீட்டுப் பெண் பேனாவோடு திகைத்து நின்றாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஒரு லிட்டர் தண்ணீரில் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தவள் அவள். 14 நாள் துத்தநாக மாத்திரையையும் விடாமல் கொடுத்தாள். அதே வாரம் 'தோஷம்' என்று பள்ளிவாசலில் மந்திரித்துக் கயிறும் கட்டினாள். இவளை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

ஆரோக்கியம் யார் கையில் என்று ஒருவர் நம்புகிறார் என்பதை அளக்க, அமெரிக்காவில் வால்ஸ்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1978-இல் வெளியிட்ட கேள்வித்தாள் அளவுகோல் தன் செயல், மருத்துவர் போன்றோர், தற்செயல் என மூன்றையும் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் ஆறு கூற்றுகள் வைத்து அளந்தது. மூன்றையும் ஒருவரே நம்பலாம் அல்லவா? 'விதி' என்று டிக் போட்டவள் தடுப்பூசிக்கு வரமாட்டாள் என முடிவுகட்டினால் அது அநியாயம். என்னிடம் தவறாமல் ஊசி போட வந்தவர்களில் பலர் கயிறு கட்டிய பிள்ளைகளைத்தான் தூக்கி வந்தார்கள்.

இன்னொன்று, மாமியாரிடம் யாரும் கேட்கவே இல்லை. உரைமருந்தா, ஆஸ்பத்திரியா என்று பல வீடுகளில் முடிவு செய்வது அவர்தான். அடுத்த முறை படிவம் அவரிடமும் போகட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி மாவட்டம்