ஒழுங்கையில் நின்ற சிவப்புக் கதிரை

என் காலுக்கு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. இன்று காலை வோக்கரை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு தடியோடு மட்டும் ஒழுங்கை முனை வரை நடந்து போய் வந்தேன். வந்து இருந்ததும் அழுகைதான் வந்தது. அந்த ஈரம் காயும் முன் நன்றி சொல்லிவிட வேண்டும்.

பிசியோ மிஸ்ஸுக்கு முதல் நன்றி. முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தச் சொன்ன முதல் நாள், என் கால் என் சொல்லைக் கேட்கவே இல்லை. அவர் அவசரப்படவில்லை. பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, குதிக்கால் முதலில், விரல் பிறகு என்று பழக்கினார். இடக்கால் நோகிறதென்றால் தடி வலக்கையில் இருக்க வேண்டுமாம். ஐம்பத்தாறு வருடம் நடந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஆனால் இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதே கடை நானாவை நினைத்துத்தான்.

வீட்டில் நடந்து பழகச் சொல்லி அனுப்பியபோது, மாரி மழை விட்டிருந்தது. எங்கள் படலையைத் தாண்டவே எனக்குப் பயம். பாதி வழியில் கால் சோர்ந்தால் எங்கே இருப்பது? அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை பார்த்தால், படலையிலிருந்து பத்து அடி தள்ளி, வேலியோரமாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை. பனி துடைத்துக் கிடந்தது. முனையில் இருக்கும் தேத்தண்ணிக் கடையின் கதிரை அது. நானா கடை வாசலில் நின்றபடியே, "இருந்திட்டுப் போங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் வந்து விசாரிக்கவில்லை, பாவம் பார்க்கவில்லை.

ஒவ்வொரு நாளும் கதிரை அங்கே இருந்தது. சில கிழமைகளுக்குப் பிறகுதான் கவனித்தேன், முன்பு முருங்கை மரத்தடியில் நின்ற கதிரை இப்போது தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்திருக்கிறார். நான் சோர்ந்து வந்த நாட்களில் மறுநாள் அது நகரவில்லை. அப்படியென்றால் அந்த மனிதர் பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்று அந்தக் கதிரை கடை வாசலிலேயே நின்றது. அதில் இருந்து பிளேன்டீ குடித்தேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இரவிரவாக என்னோடு வார்டில் கிடந்த தங்கச்சிக்கும், கிளினிக் நாட்களில் பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டிய ஆட்டோத் தம்பிக்கும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலிருந்து கானில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கணக்குக் கொப்பிகளோடு வீட்டுக்கே வந்த என் பிள்ளைகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பெயர் விடுபட்டவர்கள் மனம் நோகக்கூடாது.

ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. வாற திங்கட்கிழமை திருகோணமலைக் கோட்டை வாசலில் இறங்கி, மான்கள் படுத்துக் கிடக்கும் அந்தப் பாதையால் கோணேசர் கோயில் வரை நடந்தே ஏறப் போகிறேன். படி வந்தால் ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோகிற கால். மிஸ் சொன்னது மறக்கவில்லை. எத்தனை மணித்தியாலம் எடுத்தாலும் சரி.

இதை நானாவிடம் சொன்னேன். கேத்திலை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏத்தத்தில எந்த இடத்தில கதிரை வேணும் டீச்சர்?"