முகம் பாக்காத பாட்டு

அன்புத் தோழி,

பதில் போட லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காத டி. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சதும் தான் எனக்கு உயிர் வந்துச்சு. நடக்க ஆரம்பிச்சுட்டாங்களா?

நான் ஜெர்மனியில லைப்சிக்ல தான் இருக்கேன், பாட்டு தான் பொழப்பு. சர்ச்சுல பாடுறதும் கச்சேரி மாதிரி தானான்னு கேட்டிருந்தல்ல, கச்சேரியே இல்ல டி அது. தாமஸ் சர்ச் ஊர் நடுவுல இருக்கு, பாக்னு பெரிய இசையமைப்பாளர் 1723ல இருந்து 1750ல சாகுற வரைக்கும் இசைப் பொறுப்பு பாத்த இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கும் சனிக்கிழமை 3 மணிக்கும் ஜெபத்தோட சேந்த இசை உண்டு. வழக்கமா பாடுறது அவங்களோட பசங்க கொயர், 1212ல ஆரம்பிச்சது, பசங்க ஸ்கூல் லீவுல போகும்போது எங்கள மாதிரி வெளி குழுக்களக் கூப்பிடுவாங்க.

நாங்க நிக்கிறது மேற்குப் பக்க மாடியில, ஆர்கன் கிட்ட. கீழ ஜனங்க பலிபீடத்தப் பாத்து உக்காந்திருப்பாங்க, அதாவது எங்களுக்கு முதுகு காட்டிக்கிட்டு. நாம காலேஜ்ல எவ்ளோ பழகினோம், சிரிச்ச முகமா நில்லு, ஆடியன்ஸ் கண்ணப் பாருன்னு, அது எதுவும் இங்க எடுபடாது, வார்த்தை போய்ச் சேந்தா தான் உண்டு. மேல இருந்து பாத்தா வெறும் தலைங்க தான் தெரியும். ஒரு தடவ மெதுவா பைபிள் சங்கீதம் ஒண்ணு பாடிட்டு இருக்கும்போது முன் வரிசையில ஒரு பெரியவர் அப்படியே தலை குனிஞ்சாரு, சுத்தி இருமல் சத்தமும் நின்னு போச்சு, அதவிட பெரிய கைதட்டு எனக்கு எங்கயும் கிடைச்சதில்ல. நேரா எதிர்ல, அந்தக் கடைசியில, பலிபீடத்துக்கு முன்னாடி தரையில பாக்கோட கல்லறை, 1950ல தான் அவர இங்க கொண்டுவந்து வெச்சாங்க. முதல் மூச்சு எடுக்கும்போது கண்ணு தானா அங்க போயிடும்.

கட்டடமும் கூடவே பாடும் டி. காலியா இருக்கும்போது ரிகர்சல்ல ஒரு சொல்லு 'ஸ்'னு முடிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல முடிக்கணும், ஒருத்தர் பிந்தினாலும் சுவரெல்லாம் உஸ்ஸுன்னு கேக்கும். அதே இடம் குளிர்காலத்துல கோட்டு போட்ட ஜனங்களால நிரம்பினா சத்தத்த உறிஞ்சிடும், அப்போ அதே பாட்ட வேற வேகத்துல பாட வேண்டி வரும்.

இன்னொன்னு. இயேசு பட்ட பாடுகளப் பத்தி பாக் எழுதின மத்தேயு பாடுகள் இசை 1727 புனித வெள்ளி அன்னிக்கு இந்த சர்ச்சுல தான் முதல்ல கேட்டதுன்னு சொல்றாங்க. அதுல, இயேசுவத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சப்புறம் ஆல்ட்டோ குரலுக்கு, அதாவது என்ன மாதிரி தாழ்ந்த பெண் குரலுக்கு, ஒரு பாட்டு வரும்ல, பாக் காலத்துல இங்க சர்ச்சுல பெண்கள் பாட முடியாது, பசங்களும் இளைஞர்களும் தான். இப்ப தவக்காலம் வந்தா சுத்துவட்டார ஊர் சர்ச்சுங்கள்ல அத நான் பாடுறேன். ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்குது, இருந்தாலும் அழுதுட்டா பாட முடியாதுன்னு அடக்கிக்கிறேன்.

பணம்னு பாத்தா கிறிஸ்மஸும் தவக்காலமும் தான் சீசன், மத்த மாசம் ஸ்டூடன்ட்ஸுக்கு சொல்லிக் குடுத்து ஓட்டுறேன். கஷ்டம் தான், ஆனா விட மனசு வரல.

கோடை லீவுல வா டி. வந்தா கீழ உக்காராத, பக்கவாட்டு மாடியில இடம் பிடி, அங்கிருந்து எங்களையும் பாக்கலாம். அம்மா மாடி ஏற முடியுமான்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு எழுது, அவங்களையும் கூட்டிட்டு வரணும்.