குளத்துக்குப் புதுத் தண்ணீர்

காட்பாடி

அன்புள்ள சண்முகம்,

நலம். மூத்தவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. சண்டை போட ஆளில்லாமல் சின்னவன் இப்போது படிக்கிறான், நம்புவாயா?

உன் குளத்துக் கோய் மீன்களுக்கு, அந்த வண்ணக் கெண்டைகளுக்கு, வருகிறேன். லாரித் தண்ணீர் விட்ட அன்று மாலை எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, காற்று மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் குளோரின்தான். அது செவுளை அரித்துவிட்டால், தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தும் மீனால் இழுக்க முடியாது. குடிநீர்க் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே தொல்லை.

ஆரணியானாலும் வேலூரானாலும் சிக்கல் ஒன்றுதான்: அளவு நாளுக்கு நாள் மாறும். மழை பெய்து தண்ணீர் கலங்கினால் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவார்கள். லாரிக்காரர் கை அளவு அவருக்கே தெரியாது. ஆகவே போன வாரக் கணக்கை இந்த வாரம் நம்பாதே. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் சோதனைக் குப்பி கடையிலும் கிடைக்கும். சொட்டு விட்டதும் மஞ்சளானால் குளோரின் உண்டு. மஞ்சள் ஏற ஏற அளவும் அதிகம். சோதித்த நீரைக் குளத்தில் ஊற்றிவிடாதே, அந்த மருந்து விஷம்.

பிறகு குளோரினை முறிக்கும் ஹைப்போ. பழைய ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவ வைத்திருந்த அதே சோடியம் தயோசல்பேட். ஆயிரம் லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 7 கிராம் படிகம் தாராளம்; 2 என்றால் 14. வாளியில் கரைத்து, தனித் தொட்டியில் பிடித்த தண்ணீரில் கலந்து, மீண்டும் சோதித்துவிட்டுக் குளத்துக்கு விடு. குழாயை நேரே குளத்தில் போடும் சோம்பேறித்தனம் வேண்டாம்.

இரண்டு நாள் திறந்து வைத்தாலே போதும் என்பார்கள். வெறும் குளோரின் என்றால் சரி. மூலத் தண்ணீரில் அம்மோனியா இருந்து குளோராமின் ஆகியிருந்தால் அது லேசில் போகாது. ஹைப்போ அதை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும்; நம் ஊர்ச் சூட்டில் அதன் வீரியம் கூடும். அதனால் ஒரே நேரத்தில் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதே. பில்டர் அம்மோனியாவைச் சமாளிக்க அவகாசம் வேண்டும்.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜனும் குறைவு. ஓர் இரவு காற்று ஓட்டிவிட்டுப் பயன்படுத்து. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டி நீரை மதியம் விட்டால் மீன் வெந்துவிடும், விடியற்காலையில் விடு.

வெளியேற்றும் பழைய தண்ணீரை வீணாக்காதே. என் முள்ளு கத்தரிச் செடிகளுக்கு அதுதான் உரம். மீன் வைத்தியத்துக்கு உப்புப் போட்டிருந்தால் மட்டும் செடிப் பக்கம் போகாதே.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். மீன்கள் எப்படி இருக்கின்றன என்று உடனே எழுது.

அன்புடன்,
முருகேசன்